பூசாத பக்கம்

செங்கோடனின் இடது கன்னம் உள்ளே பச்சைப் பிள்ளையின் கன்னம் போலிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அதே இடத்தில் வெள்ளையாகத் தடித்த திட்டு ஒன்று இருந்தது. தொட்டால் காய்ந்த தோசையின் ஓரம் மாதிரி சொரசொரக்கும். மருந்து பூசிய பிறகு அந்தச் சுவடே இல்லை. அம்சவேணி படப்பெட்டியின் குழலை அந்தக் கன்னத்தில் வைத்தாள். பெட்டி நீல வெளிச்சம் அடித்தது, செல்களை எண்ணியது, பச்சை விளக்கைக் காட்டியது.

குழலை எடுத்ததும் செங்கோடன் கேட்டார். "என்னங் அம்முணி, பாசா?"

"பாசுதானுங் மாமா. நூத்துக்கு நூறு."

"பின்னே? மொதப் பேரு நம்மளுதாச்சே."

சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டார். 'வாய்ப்புற்றை வென்ற முதல் கன்னம்' என்ற எழுத்துக்குக் கீழே அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். பள்ளிபாளையத்தில் அந்தச் சுவரொட்டி ஒட்டாத டீக்கடை கிடையாது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தபோதுதான் அம்சவேணிக்கு வாடை அடித்தது. ஆராய்ச்சி நிலையத்துக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் புற்றுநோய் வார்டில் நர்சாக இருந்தவள். அந்த வாடை எதனுடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"உக்காருங்க மாமா. இன்னொருக்கா வாயத் தொறங்க. அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் எதுக்கு? பெட்டி அதக் கேக்காதே."

"பெட்டி கேக்காது. நான் கேக்கறேன்."

வலது கன்னத்தில், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் புண். ஓரம் மேடு, நடு பள்ளம். விரலால் அழுத்தினாள். கல்லாக இருந்தது. தாடைக்குக் கீழே விரலை ஓட்டினாள். அங்கே தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒன்று, தள்ளினால் நகராமல்.

"இது எத்தன நாளா இருக்குதுங்?"

"அது கெடக்குது, நாலஞ்சு மாசமா. பல்லு குத்துனது."

"இந்தப் பக்கம் எப்பருந்து பொகலை அடக்கறீங்க?"

செங்கோடன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நீதானே சொன்ன அம்முணி? பூசுன பக்கம் நாப்பது நாளைக்கு வெக்காதீங்கன்னு. இந்தப் பக்கம் மாத்துனேன். அப்பறம் அதே பழகிப் போச்சு. பூசுன பக்கத்த எப்படிப் பத்தரமா வெச்சிருக்கறேன், பாத்தீல்ல?"

அவள் கையிலிருந்த பலகையில் கடைசிக் கேள்வி ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'சிகிச்சை அளித்த பகுதியில் மாற்றம் உண்டா?' பதிலைத் தொட்டால்தான் படிவம் முடியும். மறு கன்னத்தைப் பற்றி எழுத இடமே வைக்கவில்லை. அவள் இல்லை என்று தொட்டாள். பிறகு செங்கோடனை உட்காரவைத்து, புண்ணின் ஓரத்திலிருந்தும் தாடைக்குக் கீழே இருந்த கட்டியிலிருந்தும் சதைத் துணுக்கு எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"பல்லு குத்துனதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றார் அவர்.

பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறைகளில் யாரும் பீடி குடிப்பதில்லை. காரணம் ஒழுக்கம் இல்லை, பஞ்சுத் தூசி. காற்றில் மிதக்கும் பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் பட்டறையே போய்விடும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி எட்டுத் தறியைப் பார்க்கிறவனுக்குக் கண் சொருகாமல் இருக்க ஏதாவது வேண்டுமே. அதற்குத்தான் புகையிலை. ஒரு சிட்டிகைத் தூளைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் கசக்கிக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே அடக்கிவிட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். துப்புவதற்கு வெளியே போனால் அதற்குள் எங்காவது நூல் அறுந்திருக்கும். அதனால் விழுங்கிவிடுவார்கள். ஓட்டுநர் இல்லாத லாரி வந்து பாவு நூல் உருளையை இறக்கிவிட்டுப் போகிற காலம் வந்துவிட்டது. தறியும் மாறவில்லை, புகையிலையும் மாறவில்லை.

அம்சவேணியின் அப்பாவும் தறிக்காரர்தான். கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் அந்த வழியாகவே ஒழுக, நாற்பத்தொன்பது வயதில் செத்தார். அவள் நர்சுப் படிப்புக்குப் போனதற்குக் காரணம் அதுதான். சேவை, அது இது என்று யாராவது பேட்டியில் கேட்டால் ஆமாம் என்பாள்.

மருந்து வருவதற்கு ஒரு வருடம் முன்பு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஜெசிந்தா அவளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்துப் பட்டறைகளுக்கு அனுப்பினார். எந்தப் பக்கம் அடக்குவீங்க? தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது. தறிக்காரர்கள் உதட்டால் பேசி உதட்டைப் படிப்பவர்கள். அம்சவேணிக்கு அது சின்ன வயதிலிருந்தே வரும். நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் சத்தமில்லாமல் கேட்டாள். ஒருவரும் யோசிக்கவில்லை. இடது. வலது. இடது. எல்லாருக்கும் ஒரே பக்கம்தான், பல வருடமாக அதே பக்கம். "பொண்டாட்டிய மாத்துனாலும் பக்கத்த மாத்த மாட்டன்" என்றான் ஒருவன்.

அந்தப் பதிலை நம்பித்தான் ஒரு கன்னத்துக்கு மட்டும் பூச்சு என்று முடிவாயிற்று.

சங்கக் கட்டடத்தில் தறிக்காரர்களைக் கூட்டிவைத்து அதை விளக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. டாக்டர் பேசினால் தூங்கிவிடுவார்கள்.

"தறியில ஊடை நூலு அறுந்தா என்னாகுதுங்?" என்று ஆரம்பித்தாள்.

"நிக்கும்."

"எது நிறுத்துது?"

"அந்தச் சின்னக் கம்பி."

"அந்தக் கம்பியச் சணலு போட்டுக் கட்டீட்டா?"

கூட்டம் சிரித்தது. கட்டாதவர் அங்கே யாரும் இல்லை. "தறி நிக்காது. கெட்ட துணியா வந்துக்கிட்டே இருக்கும்" என்றது ஒரு குரல்.

"அதேதானுங். உங்க கன்னத்துல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு கம்பி இருக்குது. செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு மின்னாடி, எங்கயாச்சும் அறுந்திருக்குதான்னு பாக்கும். அறுந்திருந்தா நிறுத்தும். சரி பண்ண முடியலீன்னா அந்தச் செல்லச் சாகச் சொல்லும். பொகலை அந்தக் கம்பியக் கட்டிப் போட்டுருது. இந்தப் பூச்சு புதுக் கம்பி கொண்டாந்து மாட்டுது. அம்புட்டுத்தான்."

முன்வரிசையில் இருந்த செங்கோடன் கையைத் தூக்கினார். "அப்ப அம்முணி, கம்பி மாட்டுன தறியிலதானே தைரியமா ஓட்டோணும்? பூசுன பக்கமே அடக்குனா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஆசையப் பாரு மாமனுக்கு! பூசுன எடம் ஆறோணுமில்லீங்களா? நாப்பது நாளைக்கு அந்தப் பக்கம் வெக்கவே கூடாது."

நிலையம் கொடுத்த தாளில் அப்படி இல்லை. 'புகையிலைப் பழக்கத்தை முற்றிலும் நிறுத்த வேண்டும்' என்று இருந்தது. அதை முதல் மூன்று கூட்டத்தில் வாசித்துப் பார்த்தாள். வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். நாலாவது கூட்டத்தில்தான் நாற்பது நாள் என்றாள். ஐயப்பனுக்கு மாலை போட்டால்கூட அவ்வளவு நாள் இருப்பார்கள், அதனால் அந்தக் கணக்கு அவர்களுக்குப் பிடித்தது. முதல் சுற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பூசிக்கொண்டார்கள். நாற்பது நாள் யாரும் புகையிலையை விடவில்லை. பக்கத்தைத்தான் விட்டார்கள்.

செங்கோடனைப் பார்த்த மறுநாளிலிருந்து அவள் படப்பெட்டியை எடுக்கவில்லை. ஒரு டார்ச்சும் ஒரு மரக்குச்சியும் எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனாள். வாயத் தொறங்க, அந்தப் பக்கம் என்று உதட்டால் சொன்னாள். நாலு நாளில் நூற்று அறுபது வாய். அதில் முப்பத்தேழு பேருக்குப் பூசாத பக்கத்தில் வெள்ளைத் திட்டோ புண்ணோ இருந்தது. பூசின பக்கம் ஒருவருக்கும் கெடவில்லை. அந்தப் பக்கத்தில் மருந்து அட்டகாசமாக வேலை செய்திருந்தது.

நாலாம் நாள், ஊடை நூலைத் தாரில் சுற்றும் பாவாயியைப் பார்த்தாள். பாவாயி அறுபதைத் தாண்டியவள். இரண்டு கன்னமும் சுத்தமாக இருந்தன. அடக்கியிருந்த புகையிலையோ பூசின இடது பக்கத்தில்.

"நீங்க பக்கம் மாத்தலீங்களா?" பட்டறைக்கு வெளியே கூட்டிவந்து கேட்டாள்.

"எதுக்கு மாத்தோணும்?"

"நான் சொன்னனே, நாப்பது நாளைக்கு வெக்காதீங்கன்னு."

"நீ என்னமோ சொன்ன. எனக்கு எங்க அந்தப் பக்கம் பல்லு இருக்குது? வெச்சா நிக்க மாட்டேங்குது, நேரா தொண்டைக்குப் போயி இருமலா இருமித் தொலைக்குது. வீட்டுக்குப் போயி மறுக்கா இங்கயே வெச்சுட்டேன்." கொஞ்சம் யோசித்து, "ஏங்கண்ணு, வைவியா?" என்றாள்.

பாவாயியைப் போலப் பேச்சைக் கேட்காதவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் இரண்டு கன்னமும் சுத்தம்.

டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வெள்ளெலி ஒன்று இருந்தது. இரண்டு கன்னத்திலும் பூசப்பட்ட எலிகளில் கடைசியாகச் செத்தது. பாடம் செய்து வைத்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அம்சவேணி எழுதி வந்த தாளை ஜெசிந்தா இரண்டு முறை படித்தார்.

"ஒன்பதுங்கறது ஒரு எண்ணே இல்ல அம்சவேணி."

"முப்பத்தேழுங்?"

செங்கோடனின் சதைப் பரிசோதனை முடிவு ஏற்கெனவே வந்து மேசையில் கிடந்தது. வலது கன்னத்தில் புற்று. கழுத்துக் கட்டியிலும் அதே.

"கம்பியைக் கட்டிப் போட்ட செல் வளர்றதோட நிக்காது" என்றார் ஜெசிந்தா. தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது. "பக்கத்துச் செல்லோட கையைக் கோத்துக்கிட்டு இருக்கறதும் மறந்துபோகும். கையை விட்டுட்டா ஊர் சுத்தக் கிளம்பிடும். கழுத்துல இருக்கறது அதுதான்."

"அவங்களுக்கெல்லாம் மறு பக்கமும் பூசீரலாமுங்களா?"

"உனக்கே தெரியும். மருந்தைச் செல்லுக்குள்ள கொண்டுபோறது ஒரு வைரஸ். மொத தடவை உடம்பு ஏமாந்துடும். ரெண்டாவது தடவை வாசல்லயே வெச்சு அடிச்சுடும். ஒரு ஆளுக்கு வாழ்நாள்ல ஒரு தடவைதான். மொதல்லயே ரெண்டு பக்கமும் பூசியிருக்கலாமேன்னு கேப்ப." கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "வாய் முழுக்க எல்லாத் தறியும் சட்டு சட்டுன்னு நின்னுச்சுன்னா? இந்த எலி நாக்கைக் கடிச்சுக்கிட்டுது. செல் பிரிஞ்சாத்தானே காயம் ஆறும்? ஆறவே இல்ல. தின்ன முடியாமப் பட்டினியில செத்துது."

"அப்ப ஒண்ணுதான் பாக்கி. பூசுன பக்கத்துக்கே திருப்பி மாத்திக்கச் சொல்லீரலாங் டாக்டர். எல்லார்த்துக்கும்."

ஜெசிந்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். "புகையிலையை இங்க வெச்சுக்கோன்னு நாம சொல்லணுமா?"

"நிறுத்துன்னா நிறுத்த மாட்டாங்க."

"தெரியும். ஆனா நீ அதைச் சொல்லும்போது ஒருத்தன் போன்ல பதிவு பண்ணினான்னு வை. அடுத்த வாரம் அது விளம்பரம். பூசிக்கோ, போட்டுக்கோ. இதுவரைக்கும் தொடாத பசங்கல்லாம் தொடுவாங்க. எத்தனை பேருக்கு நம்மகிட்ட மருந்து இருக்கு? அந்தச் சாறு கன்னத்தோடயா நிக்குது, தொண்டை இருக்கு, உணவுக்குழாய் இருக்கு. இருநூறு பேரைக் காப்பாத்தற ஒரு வாக்கியம் இருபது லட்சம் பேரைக் கொல்லும். இதுக்கு உங்கிட்ட பதில் இருக்கா?"

டாக்டர் சொன்னது உண்மை.

"நான் மேல எழுதறனுங். நாப்பது நாள் சொன்னது நான்தான்னும் எழுதறேன்."

"எழுதினா அன்னிக்கே நிறுத்திடுவாங்க. திரும்ப ஆரம்பிக்க ரெண்டு வருஷம் ஆகும், மூணு ஆகும்." ஜெசிந்தா பலகையைத் திருப்பிக் காட்டினார். "புதன்கிழமை ரெண்டாவது சுற்று. நாப்பத்தெட்டுப் பேர். பதினேழாவது பேரு குப்புராஜ். உன் தம்பிதானே?"

அம்சவேணி தலையாட்டினாள். குப்புராஜின் இடது கன்னத்தில் இருந்த திட்டை அவள்தான் முதலில் பார்த்தாள். அது புற்றாக மாற ஒன்றரை வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்று டாக்டர் அப்போது சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை எழுது. நான் தடுக்க மாட்டேன். நானும் கையெழுத்துப் போடறேன். புதன்கிழமை வர்றவங்ககிட்ட தாள்ல இருக்கறதை மட்டும் சொல்லு. நிறுத்தணும். அவ்வளவுதான். நாப்பது நாள் பேச்சே எடுக்காதே."

அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. சரிங் டாக்டர் என்று எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குப்புராஜ் கறிச்சோறு தின்ன வந்தான். முப்பத்து நாலு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வந்ததும் வாயைக் கொப்பளிக்க வாசலுக்குப் போனான். போகும்போது அவன் வலது கன்னம் உப்பியிருப்பதை அவள் பார்த்தாள்.

"டேய், நீ எடது பக்கந்தானே வெப்பே?"

"மாத்திட்டேன். ஒரு வாரமாச்சு."

"எதுக்கு?"

"பூசற பக்கத்துக்கு ஓய்வு குடுக்கோணுமில்ல? மின்னாடி ஒரு வாரம், பின்னாடி நாப்பது நாளு."

"மின்னாடி ஒரு வாரம்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்றது? பட்டறையில அல்லாருக்குந் தெரியும். அது அப்படித்தான்." இலையில் உட்கார்ந்தான். "என்னக்கா, நீ சொன்னத எனக்கே கேக்கற?"

"நான் இனிமே அப்படிச் சொல்லப் போறதில்ல. தாள்ல போட்டிருக்கறபடி, சுத்தமா நிறுத்தீரோணும்."

"தாள்ல ஆயரம் போடுவாங்க. பீடிக் கட்டுமேலகூடத்தான் மண்டையோடு போட்டிருக்குது. நீ சொன்ன மொறதான் வேல செய்யுது. செங்கோடன் மாமனப் பாரு, அறுபது வயசுல கன்னம் பளபளங்குது." கறியை ஒரு பக்கமாகவே மென்றான். இடது பக்கம் காரம் பட்டால் எரியும். "புதன்கெழம கை நடுங்காமப் பூசு. என்ற மூஞ்சியையும் கொண்டுபோயிச் செவுத்துல ஒட்டிராத. எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

"இப்ப மட்டும் வரிசையில நிக்கறானுங்களாக்கும்."

"அதுக்குத்தான் சொல்றேன். இருக்கற பேரையும் கெடுத்துராத."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தபடியே குழம்பு ஊற்றினாள்.

அவன் போன பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்பது நாள் என்பது இப்போது அவள் பேச்சு இல்லை. பட்டறையின் பேச்சு. ஒரு வார விரதத்தையும் முன்னால் சேர்த்துக்கொண்டு அது தன்பாட்டில் வளர்ந்துவிட்டது. புதன்கிழமை அவள் தாளை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் நாற்பத்தெட்டுப் பேரும் பக்கம் மாற்றுவார்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். பூச்சு அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும், அங்கே அவளால் வேறு எதுவும் சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கும் மருந்தை அவர்கள் ஒரு கன்னத்தில் பூசிக்கொண்டு, மறு கன்னத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

குப்புராஜிடம் மட்டும் வீட்டில் வைத்துச் சொல்லிவிடலாம். பூசின பக்கமே வை என்று. தம்பி கேட்பான். தம்பி தப்பித்துவிடுவான். மற்ற நாற்பத்தேழு பேருக்கு அக்கா கிடையாது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுப்பினாள். முப்பத்தேழு பேரின் விவரம், ஒன்பது பேரின் விவரம், தாளில் இல்லாத அறிவுரையைச் சொன்னவளின் பெயர். அனுப்பிவிட்டு நெஞ்சு லேசானதா என்று பார்த்தாள். ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பத்தெட்டுப் பேரின் போனுக்கும் தகவல் போய்விட்டது. 'மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.' அம்சவேணிக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. அவளுடைய நேர்மையைப் பாராட்டி, வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் குப்புராஜ் வந்தான். உட்காரவில்லை.

"எவனோ மொட்டக் கடுதாசி போட்டிருக்கறான்னு பேசிக்கறாங்க."

"பேரு போட்டுத்தான் எழுதுனேன்."

அவள் செங்கோடனைப் பற்றிச் சொன்னாள், கழுத்தைப் பற்றிச் சொன்னாள், முப்பத்தேழு பேரைச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"நாளைக்கு ஒரு நாளு பொறுக்கக் கூடாதாக்கா?"

கதவைச் சத்தம் போடாமல் சாத்திவிட்டுப் போனான். அடித்துச் சாத்தியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

செங்கோடனுக்கு வலது தாடையை எடுத்தார்கள். கழுத்தை நெடுக வெட்டிக் கழலைகளை எடுத்தார்கள். மூன்றாம் வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் முகத்தில் பாதிதான் அவராக இருந்தது. வார்டு வாசலிலேயே அந்தச் சுவரொட்டி இருந்திருக்கிறது. யாரோ கிழித்திருந்தார்கள், பசை காய்ந்த இடம் மட்டும் தெரிந்தது. அவர் பேச முயன்றார். அவள் உதட்டைப் பார்த்தாள். உதடு பாதிதான் அசைந்தது. நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒரு தறிக்காரரின் உதட்டை அவளால் படிக்க முடியவில்லை. அவர் தலைமாட்டிலிருந்த போனை எடுத்து மெதுவாகத் தட்டித் திருப்பிக் காட்டினார்.

'நான் அன்னைக்கே கேட்டேன்.'

"ஆமாங் மாமா" என்றாள். வாங்கிப் போன இளநீரைக் குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நர்சு சொன்னாள். கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் பட்டறைகளுக்குப் போக ஆரம்பித்தாள். வேலை இல்லை, சீருடை இல்லை, தாள் இல்லை. நிலையத்து ஆள் யாரும் கூட இல்லை. டாக்டர் பயந்தது அந்த வாக்கியம் பதிவாகிவிடும் என்பதற்குத்தான். ஐம்பது தறி ஓடுகிற பட்டறையில் எந்தப் போனிலும் தடக் தடக் என்பதைத் தவிர எதுவும் பதிவாகாது. அங்கே வார்த்தைக்குச் சத்தமே கிடையாது. முதல் சுற்றில் பூசிக்கொண்ட ஒவ்வொருவர் தறிக்கு முன்னாலும் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்ததும், உதட்டால் மட்டும் சொன்னாள்.

பூசின பக்கத்துக்கே மாத்திக்கங்க. இனிமே மாத்தாதீங்க.

சிலர் சிரித்தார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவன், மொதல்ல அப்படி, இப்ப இப்படியா என்று உதட்டாலேயே வைதான். மறுபக்கம் ஏற்கெனவே கெட்டுவிட்ட முப்பத்தேழு பேரை ஆஸ்பத்திரிக்குப் போக வைத்தாள். சொல்கிற வாக்கியம் சரியா என்று அவளுக்கே தெரியாது. ஒன்பது பேர் ஒரு எண்ணே இல்லை. ஆனால் அந்த ஒன்பதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை.

குப்புராஜ் வேலை செய்யும் பட்டறையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கே பூசிக்கொண்டவர்கள் மூன்று பேர். இரண்டு பேரிடம் சொல்லி முடித்தாள். மூன்றாவது ஆளின் தறி, தம்பியின் தறிக்கு எதிரே இருந்தது. தம்பியின் பக்கம் பார்க்காமல், அந்த ஆளைப் பார்த்துச் சொன்னாள். பூசின பக்கத்துக்கே மாத்திக்கங்க. அவர் தலையாட்டினார். அவள் திரும்பினாள்.

குப்புராஜ் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். ஒரு மாதமாக அவளோடு பேசாதவன். இடது கன்னம் உப்பியிருந்தது. பூச்சு இல்லை என்றானதும் பழைய பக்கத்துக்கே போய்விட்டிருந்தான், அந்த வெள்ளைத் திட்டின் மேலேயே.

அவன் உதடு அசைந்தது. எனக்கு?

அவள் இரண்டடி கிட்டே போனாள்.

எனக்கு எந்தப் பக்கம்க்கா?

கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ரோட்டைத் தாண்டுவதற்கு முன் கேட்பானே, அந்த மாதிரி கேட்டான். ஊரில் எல்லாருக்கும் சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. தம்பிக்குச் சொல்ல, மூன்று கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காத அந்தத் தாள் வாக்கியம்தான் இருந்தது.

எந்தப் பக்கமும் வேண்டாஞ் சாமி. நிறுத்தீரு.

அவன் புரிந்துகொள்ளவில்லையோ என்று இன்னொரு தடவை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். குப்புராஜ் கவனமாகப் படித்தான். அக்கா சொன்ன எதையும் அவ்வளவு பணிவாக அவன் கேட்டதே இல்லை. சரி என்று தலையாட்டினான்.

எங்கோ ஒரு தறியில் நூல் அறுந்து தறி நின்றது. அவன் அதைப் பார்க்கத் திரும்பினான். திரும்பும்போது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவனுடைய இடது கன்னத்து மேடு தணிந்தது. நாக்கு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது.

வலது கன்னம் உப்பியது.